விளக்கு மீன்கள்

விளக்கு மீன்கள் என்பவை உடலில் ஒளி உமிழும் உறுப்புகளைக் கொண்ட சிறிய ஆழ்கடல் மீன்கள் ஆகும். உயிரியல் வகைப்பாட்டில் இவை மிக்டோஃபிடே என்னும் குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளன. இக்குடும்பத்தில் 30-க்கும் மேற்பட்ட பேரினங்களும் ஏறத்தாழ 250 சிற்றினங்களும் உள்ளன. வடமுனை, தென்முனைப் பகுதிகளை ஒட்டிய குளிர்கடல்கள் முதல் நிலநடுக்கோட்டுக் கடல்கள் வரை, உலகின் எல்லாப் பெருங்கடல்களிலும் இவை காணப்படுகின்றன.

பெரும்பாலான விளக்கு மீன்கள் மனிதரின் கைவிரலை விடப் பெரியவை அல்ல. ஆயினும் எண்ணிக்கையில் இவை பூமியின் முதுகெலும்பிகளுள் முன்னணியில் இருப்பவை. பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் தங்கி, இரவில் உணவுக்காகக் கடலின் மேற்பரப்பை நோக்கி ஏறிவருவது இவற்றின் சிறப்பியல்பு. நாள்தோறும் நிகழும் இந்த ஏற்ற இறக்கத்தால் மேற்கடலில் உருவாகும் உணவும் கரிமமும் ஆழ்கடலுக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. ஆகவே இம்மீன்களைப் பெருமளவில் பிடிக்கலாமா என்னும் கேள்வி, மீன்வளத்தை மட்டுமன்றிப் பூமியின் தட்பவெப்பத்தையும் சார்ந்த கேள்வியாக உள்ளது.

உயிரியல் வகைப்பாடு

திணை: விலங்குகள்
தொகுதி: முதுகுநாணிகள்
வகுப்பு: கதிர்த்துடுப்பு மீன்கள்
வரிசை: மிக்டோஃபிஃபார்மிஸ்
குடும்பம்: மிக்டோஃபிடே (கில், 1893)

பெயர்

மிக்டோஃபிடே என்னும் பெயர், மிக்டோஃபம் என்னும் பேரினத்தின் பெயரிலிருந்து பெறப்பட்டது. மூக்கு, பாம்பு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு இது. இப்பேரினத்தை 1810-இல் ரஃபினெஸ்க் என்னும் இயற்கையியலாளர் விவரித்தார். குடும்பமாக இதனை 1893-இல் வரையறுத்தவர் அமெரிக்க விலங்கியலாளர் தியோடர் கில். மிக்டோஃபிஃபார்மிஸ் வரிசையில் இதனுடன் நியோஸ்கோபெலிடே என்னும் மற்றொரு சிறு குடும்பமும் உண்டு.

ஆழ்கடலில் தலைக்கு மேல் தூண்டில் போன்ற உறுப்பைத் தாங்கி இரை பிடிக்கும் தூண்டில் மீன்கள் வேறு வரிசையைச் சேர்ந்தவை. இரு பிரிவுகளும் ஒளி உமிழ்பவை என்பதால் இவற்றை ஒன்றெனக் கொள்வது தவறு.

உடலமைப்பு

பக்கவாட்டில் தட்டையான நீள் உடல், மழுங்கிய தலை, பெரிய கண்கள், கண்ணைத் தாண்டி நீளும் அகன்ற வாய் ஆகியன இக்குடும்பத்தின் பொது அடையாளங்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே கதிர்கள் அற்ற சிறிய கொழுப்புத் துடுப்பு ஒன்று உண்டு. வால் துடுப்பு கவை போலப் பிளவுபட்டது. பெரும்பாலான சிற்றினங்கள் 15 செ.மீ. நீளத்தைத் தாண்டுவதில்லை. மிகச் சில மட்டுமே 30 செ.மீ. அளவை நெருங்குகின்றன.

மேல்நீருக்கு ஏறிவரும் சிற்றினங்களின் பக்கங்கள் வெள்ளி போல் மின்னும். முதுகு நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். ஆழத்திலேயே தங்கும் சிற்றினங்கள் பழுப்பு அல்லது கருமை நிறம் கொண்டவை.

கண்ணின் விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் குச்சிச் செல்கள் மிகுந்துள்ளன. அவை நீல ஒளிக்கே கூடுதலாகத் துலங்குகின்றன. கடலின் ஆழத்தை எட்டும் கதிரவன் ஒளி நீல நிறத்தது; இம்மீன்கள் உமிழும் ஒளியும் பெரும்பாலும் நீல நிறத்ததே.

பல சிற்றினங்களின் காற்றுப்பையில் வளி நிரம்பியுள்ளது. வேறு சிலவற்றில் மீன் முதிர்ச்சி அடையும்போது காற்றுப்பை சுருங்கியோ கொழுப்பால் நிரம்பியோ விடுகிறது. ஆழம் மாறும்போது வளியின் கன அளவு பெரிதும் மாறும். கொழுப்பின் கன அளவு அவ்வாறு மாறுவதில்லை. எனவே நாள்தோறும் ஏறி இறங்கும் மீனுக்குக் கொழுப்பு ஏற்ற மிதவைப் பொருளாகும். இந்த வேறுபாடு, இம்மீன்களைக் கணக்கெடுக்கும் முறையில் சிக்கலை உண்டாக்குகிறது. இது கீழே விளக்கப்பட்டுள்ளது.

ஒளியுறுப்புகள்

விளக்கு மீனின் வயிற்றுப் பகுதியிலும் பக்கங்களிலும் முத்துகள் பதித்தது போன்ற ஒளியுறுப்புகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு ஒளியுறுப்பின் பின்புறமும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி போன்ற படலமும், முன்புறம் வில்லை போலச் செயல்படும் செதிலும் உண்டு. தூண்டில் மீன்களில் ஒளியைத் தருவது உடலில் குடியிருக்கும் பாக்டீரியா. விளக்கு மீன்களிலோ மீனின் சொந்தச் செல்களிலேயே வேதிவினை நிகழ்ந்து ஒளி உண்டாகிறது. லூசிஃபெரின் வகையைச் சேர்ந்த பொருள் ஒன்று ஆக்சிஜனுடன் வினைபுரியும்போது, வெப்பமின்றி ஒளி வெளிப்படுகிறது. இவ்வொளியைக் கூட்டவும் குறைக்கவும் மீனின் நரம்பு மண்டலத்தால் இயலும்.

ஒளியுறுப்புகளின் பயன்களாகக் கீழ்வருவன கருதப்படுகின்றன.

* மறைந்துகொள்ளல்: கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கொன்றுண்ணிக்கு, மங்கிய வான்வெளிச்சத்தின் பின்னணியில் மீனின் உடல் கரிய நிழலாகத் தெரியும். வயிற்றின் ஒளியுறுப்புகள் மேலிருந்து வரும் ஒளிக்கு ஈடான ஒளியைக் கீழ்நோக்கி உமிழ்வதால் அந்நிழல் அழிகிறது. இங்கு ஒளி மறைவதற்கே பயன்படுகிறது.
* இனம் அறிதல்: பக்கங்களில் உள்ள ஒளியுறுப்புகளின் அமைவிடம் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடுகிறது. மீனியலாளர்கள் சிற்றினங்களைப் பிரித்தறிய முதன்மையாகப் பயன்படுத்துவதும் இந்த அமைப்பையே.
* ஆண், பெண் வேறுபாடு: பல பேரினங்களில் வாலின் அடியில் ஒளிச்சுரப்பிகள் உள்ளன. பொதுவாக ஆணுக்கு வாலின் மேற்புறத்திலும் பெண்ணுக்குக் கீழ்ப்புறத்திலும் இவை அமைந்திருக்கும்.
* இரை தேடல்: டயாஃபஸ் பேரினத்தில் கண்களுக்கு அருகே, முன்நோக்கி ஒளி வீசும் பெரிய உறுப்புகள் உள்ளன. ஊர்தியின் முகப்பு விளக்கைப் போல இவை முன்னே உள்ள நீரை ஒளியூட்டுகின்றன.

ஆழ்கடலில் மலையோ ஆறோ போன்ற தடுப்புகள் இல்லை. அவ்வாறிருக்க ஒரே குடும்பத்தில் 250 சிற்றினங்கள் எவ்வாறு தோன்றின என்பது ஆய்வுக்குரியது. 2014-இல் வெளியான மரபுவழி ஆய்வொன்று, விளக்கு மீன் குடும்பத்தில் அதன் காலப்பழமையைக் கொண்டு எதிர்பார்ப்பதை விட மிகுதியான சிற்றினங்கள் உள்ளதாகக் கண்டது. தன் இனத்தை அடையாளம் காட்டும் ஒளிக்கோலமே இப்பெருக்கத்துக்குத் துணைபுரிந்திருக்கலாம் என அவ்வாய்வு முன்மொழிந்தது. இருளில் துணையைத் தேடும் மீன் வேறு கோலம் உடையதை விலக்குமாயின், நிலத் தடுப்பு ஏதுமின்றியே ஓர் இனம் இரண்டாகப் பிரிய வழி ஏற்படும்.

அன்றாட இடப்பெயர்ச்சி

பெரும்பாலான விளக்கு மீன்கள் பகலில் சுமார் 300 மீட்டர் முதல் 1,200 மீட்டர் வரையான ஆழத்தில் தங்குகின்றன. கதிரவன் மறையும் வேளையில் அவை மேலேறத் தொடங்கி, இரவில் 10 முதல் 100 மீட்டர் ஆழத்தை அடைகின்றன. சில சிற்றினங்கள் நீரின் மேற்பரப்புக்கே வருகின்றன. விடியும் முன் யாவும் ஆழத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

இதன் காரணம் எளியது. கதிரவன் ஒளியால் வளரும் மிதவைத் தாவரங்களும், அவற்றை உண்ணும் சிறு மிதவை விலங்குகளும் மேல்நீரில்தான் மிகுதி. ஆனால் பகல் வெளிச்சத்தில் அங்கு சென்றால், கண்ணால் பார்த்து வேட்டையாடும் பெருமீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாக நேரிடும். எனவே இருளில் உண்டு, வெளிச்சத்தில் ஒளிந்துகொள்கின்றன. முழுநிலவு இரவுகளில் பல சிற்றினங்கள் வழக்கத்தை விட ஆழத்திலேயே நின்றுவிடுவது இவ்விளக்கத்தோடு பொருந்துகிறது.

இப்பயணத்தின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். 5 செ.மீ. நீளமுள்ள மீன் 500 மீட்டர் ஏறுவது, தன் உடல் நீளத்தைப் போல் 10,000 மடங்குத் தொலைவு செல்வதாகும். 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதருக்கு இது 17 கி.மீ. தொலைவுக்குச் சமம். இதனை ஒவ்வோர் இரவும் ஏறி, மீண்டும் இறங்குகின்றன. இடையில் வெப்பநிலையும் நீரழுத்தமும் பெரிதும் மாறுகின்றன.

எல்லாச் சிற்றினங்களும் இவ்வாறு இடம்பெயர்வதில்லை. சில ஆழத்திலேயே வாழ்கின்றன. சிலவற்றில் ஒரு பகுதி மீன்கள் ஏற, மறுபகுதி கீழேயே தங்குகின்றது.

போலிக் கடல்தரை

இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் ஒலிக்கருவிகளைக் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு அப்பால் அமெரிக்க அறிவியலாளர்கள் சோதித்தனர். ஆழமான கடலில், தரை இருக்க இயலாத சில நூறு மீட்டர் ஆழத்தில், தரை போன்றே ஒலியைத் திருப்பி அனுப்பும் அடுக்கு ஒன்று பதிவானது. இதைக் கண்ட ஐரிங், கிறிஸ்டென்சன், ரைட் ஆகிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளால் அவ்வடுக்கு முதலில் அழைக்கப்பட்டது. பின்னர் இது 'ஆழ் ஒலிச்சிதறல் அடுக்கு' எனப் பெயர் பெற்றது.

1945-இல் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஜான்சன், இவ்வடுக்கு மாலையில் மேலேறிக் காலையில் கீழிறங்குவதைக் காட்டினார். இதனால் இது உயிரற்ற நீரடுக்கு அன்று, இடம்பெயரும் உயிரினங்களின் திரள் என்பது புலனாயிற்று. ஒலியைத் திருப்பி அனுப்புவதில் விளக்கு மீன்களின் காற்றுப்பையிலுள்ள வளிக்குப் பெரும்பங்கு உண்டு. வளி நிரம்பிய உறுப்புகளை உடைய சைஃபனோஃபோர் எனும் குழியுடலிகளும் பிற சிறு மீன்களும் இவ்வடுக்கில் கலந்துள்ளன. 1968-இல் வெளியான ஆய்வொன்று, அட்லாண்டிக்கில் காணப்பட்ட தனித்தன்மையான ஒலிச்சிதறல் திரள்களைச் செரடோஸ்கோபெலஸ் மடெரென்சிஸ் என்னும் விளக்கு மீனின் கூட்டங்கள் என இனங்கண்டது. ஆல்வின் என்னும் ஆய்வு நீர்மூழ்கியில் இறங்கி நேரில் பார்த்ததன் வாயிலாக இது உறுதி செய்யப்பட்டது.

வாழ்க்கைச் சுழற்சி

விளக்கு மீன்கள் நீரில் மிதக்கும் முட்டைகளை இடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரிகள் முதல் 200 மீட்டர் ஆழத்துக்குள் வளர்கின்றன. சில சிற்றினங்களின் இளவுயிரிகளுக்குக் கண்கள் காம்பின் நுனியில் அமைந்திருக்கும். வளர்ந்து உருமாறும்போது ஒளியுறுப்புகள் தோன்றி, மீன்கள் ஆழத்துக்கு இறங்குகின்றன.

வாழ்நாள் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. வெப்பக்கடலின் சிறு இனங்கள் ஏறத்தாழ ஓராண்டே வாழ்கின்றன. குளிர்கடலின் இனங்கள் சில, பல ஆண்டுகள் வாழக்கூடியவை. மீனின் உட்செவியில் உள்ள செவிக்கல்லில் படியும் வளையங்களை எண்ணி வயதை மதிப்பிடுகின்றனர். கடலடிப் படிவுகளில் புதைந்து கிடைக்கும் செவிக்கற்களே இக்குடும்பத்தின் தொல்வரலாற்றுக்கும் முதன்மைச் சான்று. இவை இயோசீன் காலப் படிவுகளிலேயே கிடைக்கின்றன.

குறிப்பிடத்தக்க சிற்றினங்கள்

* மிக்டோஃபம் பங்டாட்டம்: இக்குடும்பத்துக்குப் பெயர் தந்த பேரினத்தைச் சேர்ந்தது. வட அட்லாண்டிக்கிலும் நடுநிலக் கடலிலும் வாழ்கிறது.
* பெந்தோசீமா கிளேசியேல்: வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் மிகுதியாக உள்ளது. நார்வேயின் ஆழமான கடற்குடாக்களிலும் வாழ்வதால், கரையருகிலேயே நெடுங்காலம் ஆராயப்பட்ட சிற்றினம்.
* பெந்தோசீமா டீரோட்டம்: அரபிக்கடலிலும் ஓமன் வளைகுடாவிலும் பெருந்திரளாக உள்ளது. பகலில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரடுக்கில் தங்கும் ஆற்றல் கொண்டது.
* ஸ்டெனோபிராக்கியஸ் லூகாப்சாரஸ்: வட பசிபிக்கின் முதன்மையான சிற்றினங்களுள் ஒன்று. உடலில் மெழுகு போன்ற கொழுப்பைச் சேமிக்கிறது.
* எலக்ட்ரோனா அண்டார்க்டிகா: தென்முனைப் பெருங்கடலில், பனிக்கட்டி விளிம்பை ஒட்டிய நீரில் மிகுதியாக வாழ்வது.
* எலக்ட்ரோனா கார்ல்ஸ்பெர்கி: தென்முனைப் பெருங்கடலின் வடபகுதியில் கூட்டமாக வாழ்வது. வணிக நோக்கில் பிடிக்கப்பட்ட மிகச் சில விளக்கு மீன்களுள் ஒன்று.
* கிரெஃப்டிக்திஸ் ஆண்டர்சோனி: தென்முனைப் பெருங்கடலைச் சேர்ந்த சிறிய இனம். அரசப் பென்குயின்களின் முதன்மை உணவுகளுள் ஒன்று. இதன் பேரினப் பெயர் ஜெர்மானிய மீனியலாளர் கெர்ஹார்ட் கிரெஃப்டின் நினைவாக இடப்பட்டது.
* ஜிம்னோஸ்கோபெலஸ் போலினி: குடும்பத்தின் மிகப் பெரிய சிற்றினங்களுள் ஒன்று.
* லம்பானிக்டோடஸ் ஹெக்டோரிஸ்: தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் கண்டச்சரிவை ஒட்டி வாழ்வது.
* லம்பானிக்டஸ் குரோகோடிலஸ்: நடுநிலக் கடலிலும் வட அட்லாண்டிக்கிலும் உள்ளது. முதிர்ந்த மீன்கள் இடைநீரை விட்டுக் கடல்தரையை ஒட்டி வாழ்கின்றன.
* டயாஃபஸ் வாடசே: இந்திய, மேற்குப் பசிபிக் பெருங்கடல்களில் காணப்படுவது. குடும்பத்தின் மிகப் பெரிய பேரினமான டயாஃபஸில் 70-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன.
* டானிங்கிக்திஸ் பாரோலிக்னஸ்: ஆழத்திலேயே தங்கும் இனம். விளக்கு மீன் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் உடலில் ஒளியுறுப்பு வரிசைகள் அற்றது. வான்வெளிச்சம் எட்டாத ஆழத்தில் நிழலை மறைக்கும் தேவை இல்லை என்பது இதற்கு விளக்கமாகலாம்.

உணவு வலையில் இடம்

விளக்கு மீன்கள் கோப்பிபாடு எனும் சிறு ஓட்டுயிர்களையும் கிரில் எனும் இறால் வகை உயிர்களையும் உண்கின்றன. இவற்றையோ சூரை மீன்கள், கணவாய்கள், டால்பின்கள், கடல்நாய்கள், கடற்பறவைகள் எனப் பலவும் உண்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத மிதவையுயிர்களின் ஆற்றல் பெரிய விலங்குகளைச் சென்றடைய இம்மீன்கள் இடைப்படியாக அமைகின்றன.

தென்முனைப் பெருங்கடலின் உணவு வலையைக் கிரில்லை மட்டுமே மையமாகக் கொண்டதாக விவரிப்பது வழக்கம். ஆனால் அங்குள்ள அரசப் பென்குயின்கள் பெரும்பாலும் விளக்கு மீன்களை உண்டே தம் குஞ்சுகளை வளர்க்கின்றன. கிரில் குறையும் ஆண்டுகளில் வேறு சில விலங்குகளுக்கும் இவை மாற்று உணவாகின்றன.

எத்தனை டன்?

உலகக் கடல்களின் இடைநீரில் வாழும் மீன்களின் மொத்த எடையை 1980-இல் யோசேட்டர், கவாகுச்சி ஆகிய இருவரும் சுமார் 100 கோடி டன் என மதிப்பிட்டனர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட இம்மதிப்பீடு பெரும்பாலும் வலைகளில் சிக்கிய மீன்களை அடிப்படையாகக் கொண்டது. இம்மீன்களுள் பெரும்பகுதி விளக்கு மீன்களே.

2012-இல் நார்வே ஆய்வாளர்கள், விளக்கு மீன்கள் வரும் வலையை உணர்ந்து விலகிவிடுகின்றன என்று ஒலிப்பதிவுகளைக் கொண்டு காட்டினர். எனவே வலையில் கிடைத்ததை வைத்துச் செய்த கணக்கு உண்மையை விடக் குறைவானதாக இருக்கவேண்டும். 2010-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்பெயினின் மலாஸ்பினா கடற்பயணத்தில் திரட்டிய ஒலிப்பதிவுகளைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வு, மொத்த எடை 1,000 கோடி டன் அளவில் இருக்கலாம் என்றது. அதாவது பழைய மதிப்பைப் போல் பத்து மடங்கு.

ஒலிமுறைக்கும் குறை உண்டு. வளி நிரம்பிய காற்றுப்பை ஒலியை வலுவாகத் திருப்பும். கொழுப்பு நிரம்பியது அவ்வாறு திருப்பாது. ஆகவே கொழுப்பை உடைய மீன்கள் கணக்கில் விடுபடலாம். மறுபுறம், சைஃபனோஃபோர்கள் எழுப்பும் எதிரொலி மீன்களின் கணக்கில் சேர்ந்துவிடலாம். இவற்றைக் கருத்தில் கொண்ட 2019-ஆம் ஆண்டின் ஆய்வு 180 கோடி டன் முதல் 1,600 கோடி டன் வரை என்ற அகன்ற வீச்சைத் தந்தது. ஒரு மீன்வளத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பிட வேண்டுமாயின், முதலில் எவ்வளவு உள்ளது என்று அறிய வேண்டும். இங்கு அந்த முதல் எண்ணே ஒன்பது மடங்கு வரை மாறுபடுகிறது.

மீன்பிடிப்பு

உலகக் கடல்களில் ஆண்டுதோறும் பிடிக்கப்படும் மீன்வகைகளின் மொத்த அளவு சுமார் 8 கோடி டன். அதனோடு ஒப்பிட்டால் ஆழ்கடலின் இந்த இருப்பு பெருஞ்செல்வமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. விளக்கு மீன்கள் நேரடி உணவாக அரிதாகவே பயன்படுகின்றன. சில சிற்றினங்களின் மெழுகு போன்ற கொழுப்பு மனிதருக்குச் செரிப்பதில்லை. எனவே மீன்தூளும் மீனெண்ணெயும் தயாரிப்பதே முதன்மை நோக்கம். இவை வளர்ப்பு மீன்களுக்கும் கோழிகளுக்கும் தீவனமாகின்றன.

இதுவரை நடந்த முயற்சிகள் பெரும்பாலும் நீடிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் லம்பானிக்டோடஸ் ஹெக்டோரிஸ், நெத்திலி முதலிய மீன்களுடன் சுருக்குமடி வலைகளில் பிடிக்கப்பட்டது. 1973-இல் இதன் பிடிப்பு 42,000 டன்னைத் தாண்டியது. ஆனால் மீனில் எண்ணெய் மிகுந்திருந்ததால் ஆலைகளில் பதப்படுத்துவது கடினமாகி, 1980-களின் நடுவில் இத்தொழில் நின்றது. சோவியத் கப்பல்கள் தெற்கு ஜார்ஜியா தீவுப் பகுதியில் எலக்ட்ரோனா கார்ல்ஸ்பெர்கியை ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் வரை பிடித்தன. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்த பின் இதுவும் முடிவுக்கு வந்தது.

1970-களில் நார்வேயின் டாக்டர் ஃபிரிட்யோஃப் நான்சென் ஆய்வுக்கப்பல் அரபிக்கடலில் பெந்தோசீமா டீரோட்டத்தின் பெருந்திரள்களைப் பதிவு செய்தது. அதைத் தொடர்ந்து ஓமன் வளைகுடாவில் ஈரான் சோதனை மீன்பிடிப்பில் ஈடுபட்டது. இந்தியாவில் கொச்சியிலிருந்து இயங்கும் கடல்வாழ் உயிர்வள, சூழலியல் மையம், சாகர் சம்பதா ஆய்வுக்கப்பலைக் கொண்டு அரபிக்கடலின் விளக்கு மீன்களை ஆராய்ந்துள்ளது. கேரளத்தின் கொல்லம் கடற்பகுதியில் ஆழ்கடல் இறால் பிடிக்கும் இழுவைப் படகுகளில் டயாஃபஸ் வாடசே உள்ளிட்ட சிற்றினங்கள் இறாலுடன் சேர்ந்து சிக்குகின்றன.

இன்று நாடுகளின் அணுகுமுறை இரு திசைகளில் செல்கிறது. மீன் வளர்ப்புத் தொழிலுக்குத் தீவனம் தேடும் நார்வே, 2010-களில் இடைநீர் மீன்களுக்கான சோதனை உரிமங்களை வழங்கியது. மாறாக, அமெரிக்கா 2016-இல் தன் மேற்குக் கரைக் கடலில் விளக்கு மீன்கள் உள்ளிட்ட இரைமீன்களுக்குப் புதிதாக மீன்பிடிப்புத் தொடங்குவதைத் தடை செய்தது. அவற்றை நம்பி வாழும் பிற உயிர்களுக்கு ஏற்படக்கூடிய விளைவை ஆராய்ந்த பின்னரே அனுமதி பற்றிக் கருதலாம் என்பது அவ்விதி.

கரிமச் சுழற்சி

கடலின் மேல்நீரில் மிதவைத் தாவரங்கள் கரியமில வாயுவை உணவாக மாற்றுகின்றன. அவ்வுணவின் ஒரு பகுதி இரவில் விளக்கு மீன்களின் வயிற்றை அடைகிறது. மீன் ஆழத்துக்கு இறங்கிய பின் அங்கு மூச்சுவிடுகிறது, கழிவை வெளியேற்றுகிறது, பல வேளைகளில் அங்கேயே இரையாகி மடிகிறது. இவ்வாறு மேலே உண்ட கரிமம் பல நூறு மீட்டர் கீழே விடப்படுகிறது. அவ்வளவு ஆழத்து நீர் மீண்டும் மேற்பரப்புக்கு வந்து காற்றோடு கலக்க நெடுங்காலம் ஆகும். அதுவரை அக்கரிமம் வளிமண்டலத்துக்குத் திரும்புவதில்லை. மேலிருந்து கீழே கரிமத்தை இறைக்கும் இச்செயல் 'உயிரியல் எக்கி'யின் ஒரு பகுதியாகும்.

பிடித்து மீன்தூளாக்கப்பட்ட மீனின் கரிமமோ பெரும்பாலும் விரைவில் வளிமண்டலத்தையே சேரும். ஆகவே விளக்கு மீனின் மதிப்பைத் தூளாக்கி விற்கும் விலையை மட்டும் கொண்டு கணக்கிட இயலாது. கடலில் விடப்பட்ட மீன் செய்யும் பணியையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும்.

நெகிழி மாசு

மேல்நீரில் மிதக்கும் நெகிழித் துணுக்குகளையும் விளக்கு மீன்கள் உணவென விழுங்குகின்றன. வட பசிபிக் பெருஞ்சுழற் பகுதியில் பிடிக்கப்பட்ட, பெரும்பாலும் விளக்கு மீன்களான, 670 மீன்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில் சுமார் 35 விழுக்காட்டு மீன்களின் வயிற்றில் நெகிழி காணப்பட்டது. அதே பெருங்கடலில் 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வில் இது 9 விழுக்காடாக இருந்தது. வலைக்குள் சிக்கிய பின் மீன்கள் துணுக்குகளை விழுங்குவதும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம். எவ்வாறாயினும், மனிதர் சென்றறியாத ஆழத்துக்கு மனிதரின் குப்பை இம்மீன்களின் வயிற்றில் சென்று சேர்கிறது.

இவற்றையும் பார்க்க

* ஆழ்கடல் மீன்கள்
* உயிரொளிர்வு
* மிதவையுயிரிகள்
* தூண்டில் மீன்
* கரிமச் சுழற்சி